குதிரையிலிருந்து இறங்காத கை: கைத்துப்பாக்கிப் பிடிகளும் பழைய பழக்கங்களும்

கைத்துப்பாக்கி ஒற்றைக் கைக்காகப் பிறந்த ஆயுதம். குதிரைமேல் இருந்தவனின் இடக்கையில் கடிவாளம். சுடுவதற்கு மிச்சமிருந்தது வலக்கை மட்டுமே. குதிரை போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒற்றைக் கையும், அதற்கேற்ற நிற்கும் நிலையும், அதற்காக எழுதப்பட்ட பாடங்களும் இன்றைய ரேஞ்சுகளில், அதாவது சுடும் பயிற்சிக் களங்களில், இன்னும் தென்படுகின்றன. இவற்றையெல்லாம் தவறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஒவ்வொரு பழக்கமும் ஏதோ ஒரு துப்பாக்கிக்கு, ஏதோ ஒரு போட்டி விதிக்குச் சரியான விடையாக இருந்தது. துப்பாக்கி மாறியபிறகும் கை மாறாததுதான் சிக்கல். எந்தப் பிடி எந்தக் கருவிக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது தானே தெளியும்.

1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரை, அதாவது சுழலும் சிலிண்டரில் தோட்டாக்கள் இருக்கும் துப்பாக்கியை, பாருங்கள். அதன் கைப்பிடி கலப்பையின் மேழிபோல வளைந்திருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். வெடித்ததும் வளைந்த பிடி உள்ளங்கைக்குள் உருண்டு மேலெழும்; சுத்தியல் தானாகவே கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும். அதனால் அதைத் தாழ்வாக, கொஞ்சம் இளக்கமாகப் பிடித்தார்கள். சுண்டுவிரலைக் கைப்பிடியின் அடியில் மடித்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. உருளவேண்டிய துப்பாக்கியை உருளவிட்ட பிடி அது. குறையொன்றும் இல்லை.

அதே தாழ்ந்த, இளகிய பிடியோடு ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேற்பாகம், உள்ள பிஸ்டலை எடுத்தால் கதை வேறு. வெடிப்பின் விசையில் ஸ்லைடு பின்னால் ஓடி, காலிக்கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஸ்லைடு முழுத்தூரம் ஓட, அதன் கீழே உள்ள சட்டகம் நிலையாக நிற்கவேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடின் ஓட்டம் அரைகுறையாகிக் காலிக்கூடு அது வெளியேறும் வாயில் செங்குத்தாகச் சிக்கி நிற்கும். அல்லது அடுத்த தோட்டா பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். இரும்புச் சட்டகம் தன் எடையால் ஓரளவு ஈடுகொடுக்கும். பாலிமர் சட்டகத்துக்கு அந்த வசதி இல்லை. 1911 வகைப் பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல். 1982இல் வந்த குளோக் 17 தோட்டா இல்லாமல் அதில் அறுபது விழுக்காடு அளவுதான் இருக்கும். துப்பாக்கியில் கோளாறு என்று புகார் சொல்பவர்களில் கணிசமானோரின் கோளாறு மணிக்கட்டில்தான் இருக்கிறது. அதே துப்பாக்கியை வேறொருவர் கையில் கொடுத்து ஒரு மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) சுடச்சொன்னால் உண்மை விளங்கிவிடும்.

ஒற்றைக் கை இன்றும் ஆளும் இடம்

ஒரு களத்தில் மட்டும் பழைய பிடி பழையதாகவே இல்லை. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் ஒரு கையால்தான் சுடவேண்டும். மணிக்கட்டு வெளியே தெரியவேண்டும். கைப்பிடி அதைத் தாங்கிப்பிடிக்கக் கூடாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. டிரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. சுடும்போது துப்பாக்கி பின்னே தள்ளும் உதை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. எனவே அங்கே கேள்வி ஒன்றே ஒன்று: டிரிகரை அழுத்தும் கணத்தில் துப்பாக்கி அசையாமல் இருக்குமா?

அந்தக் கேள்விக்காக அந்தப் பாணி நூறாண்டுகளுக்கு மேல் செதுக்கப்பட்டிருக்கிறது. உடலைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பது, சுடாத கையைப் பாக்கெட்டிலோ இடுப்புப் பட்டையிலோ செருகி அது ஊசலாடாமல் அடக்குவது, தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே கட்டையாக நிறுத்துவது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது எல்லாம் காரணத்தோடு வந்தவை. கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பார்க்கும்போது குறி இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகியிருந்தால், மணிக்கட்டைத் திருப்பாமல் கால்களை நகர்த்துவது இந்தப் பள்ளியின் மிக நல்ல பாடம். இரண்டு கையால் சுடுபவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

பிடி எவ்வளவு ஆழமாகப் பதிந்தாலும் அதை மறுபடி கட்டமுடியும் என்பதற்கு ஹங்கேரியின் காரொய் தகாச் சாட்சி. 1938இல் ராணுவப் பயிற்சியில் கைக்குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. இடக்கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி இரண்டு ஒலிம்பிக்குகளிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார்.

உதை எப்போது வருகிறது

பிடியைப் பற்றிய பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. உதையை அடக்கினால்தான் குண்டு சரியாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். 9 மி.மீ. குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. அதற்குள் ஸ்லைடு சில மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கை உதையை உணர்வதற்குள் குண்டு போய்விட்டது. ஆகவே குறி தவறுவதற்குக் காரணமான அசைவு பெரும்பாலும் வெடிப்புக்கு முன்பே நடந்துமுடிகிறது: உதை வரப்போகிறது என்று எதிர்பார்த்துக் கை கீழே தள்ளுவது, டிரிகர் விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுவது.

கணக்கு எளிது. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேலே உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 150 மி.மீ. உள்ள பிஸ்டலில் முன்குறி 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு சுமார் 6.7 செ.மீ. தள்ளிப்போகும், 25 மீட்டரில் சுமார் 17 செ.மீ. இலக்கைப் பார்த்தபடி கை லேசாக நடுங்குவதால் வரும் பிழை இதைவிட மிகச் சிறியது. நடுக்கத்துக்குப் பயந்து டிரிகரை வெடுக்கென்று இழுப்பவர்கள் சிறிய பிழைக்குப் பதிலாகப் பெரிய பிழையை வாங்கிக்கொள்கிறார்கள்.

எனவே நல்ல பிடிக்கு வேலை இரண்டு. டிரிகர் விரலின் அசைவு துப்பாக்கிக்குப் போய்ச்சேராமல் தடுப்பது ஒன்று. வெடித்தபின் முன்குறி எழுந்து, அதே இடத்துக்குத் தானாகத் திரும்பிவருமாறு செய்வது மற்றொன்று. பழைய பிடிகளை இந்த இரண்டு கேள்விகளால் அளந்துபார்க்கலாம்.

கோப்பையும் தட்டும், இன்னும் சில

இரண்டாவது கை துப்பாக்கிக்கு வந்தபோது என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. எடையைத் தாங்கட்டும் என்று உள்ளங்கையை மேகசினின் அடியில் விரித்து வைத்தார்கள். தேநீர்க் கோப்பைக்குக் கீழே தட்டு வைப்பதுபோல இருப்பதால் 'கோப்பையும் தட்டும்' என்று பெயர். சிறிய, உருண்ட கைப்பிடி கொண்ட ரிவால்வரை நிதானமாக ஒவ்வொன்றாகச் சுடும்போது இது ஓரளவு உதவும். ஆனால் உதை மேல்நோக்கி வருகிறது. தட்டோ கீழே இருக்கிறது. வெடித்ததும் துப்பாக்கி தட்டைவிட்டு எழும்பும், மறுபடி வந்து உட்காரும். ஒவ்வொரு குண்டுக்கும் பிடியைப் புதிதாகக் கட்டவேண்டியிருக்கும். முதல் குண்டு நன்றாகவும் இரண்டாவது எங்கோவும் போனால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். சுடும் கையின் மணிக்கட்டை மற்றக் கையால் பற்றிக்கொள்வது இதனினும் வீண். அந்தக் கை துப்பாக்கியைத் தொடவே இல்லை.

துணைக்கையின் ஆள்காட்டி விரலை டிரிகர் வளையத்தின் முன்பக்கம் கொக்கிபோல மாட்டுவது 1980களின் வழக்கம். பெரெட்டா 92எஃப் உட்பட அந்தக் காலப் பிஸ்டல்கள் பலவற்றில் வளையத்தின் முன்பக்கம் இதற்காகவே சதுரமாகவோ உள்வளைந்தோ செய்யப்பட்டது. இப்படிச் சுடும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அந்த ஒரு விரல் குழல்முனையைத் தன் பக்கம் இழுக்கிறது. விரல் முன்னே போய்விட்டதால் துணைக்கையின் மற்ற விரல்களின் இறுக்கமும் குறைகிறது. வளையம் சதுரமாக இருப்பது விரலை அங்கே வைத்தாக வேண்டும் என்பதற்கான கட்டளையன்று.

குறுக்குக் கட்டைவிரல்தான் ரத்தம் பார்க்கும் பழக்கம். ரிவால்வரில் துணைக்கையின் கட்டைவிரலைச் சுத்தியலுக்குப் பின்னால் குறுக்கே போட்டு, மற்றக் கையின் பின்புறத்தில் பதிப்பார்கள். ரிவால்வரில் பின்னால் ஓடும் பாகம் எதுவும் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. பிஸ்டலில் அதே இடத்தில் ஸ்லைடு பாய்ந்து வருகிறது. கட்டைவிரல் கணுவுக்கு மேலே இரண்டு இணைகோடுகளாக வெட்டு விழும்; ஸ்லைடும் பாதியில் நின்று சிக்கிக்கொள்ளும். ரிவால்வரில் பல ஆண்டு பழகியவர் பிஸ்டலை எடுக்கும் முதல் நாளில் பயிற்றுநர் பார்க்கவேண்டிய முதல் இடம் இதுதான்.

கையை மாற்றுவதற்குப் பதிலாகத் துப்பாக்கியை மாற்றிய சந்தர்ப்பமும் உண்டு. 1911 பிஸ்டலின் சுத்தியல் பலருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவையைக் கடித்தது. 1920களில் அதை 1911ஏ1 ஆகத் திருத்தியபோது பின்புற வால் நீட்டப்பட்டது, டிரிகர் குட்டையாக்கப்பட்டது, கைப்பிடியின் பின்பக்கம் கீழே புடைப்பாக்கப்பட்டது. அந்தப் புடைப்பு உள்ளங்கையைத் தள்ளிக் குழலைச் சற்று உயர்த்தும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் கைப்பிடியின் பின்பட்டையை மாற்றிப் போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுக் கையைக் கோணலாக்கிக்கொள்பவர்களைக் காண வருத்தமாக இருக்கிறது.

வீவரிலிருந்து முக்கோணத்துக்கு

1950களில் அமெரிக்கக் காவலர்கள் பலருக்குக் கற்றுத்தரப்பட்டது குனிந்து நின்று, இடுப்பருகே ஒரு கையில் துப்பாக்கியை வைத்துக் குறிகளைப் பார்க்காமலே சுடும் முறை. கலிஃபோர்னியாவில் ஜெஃப் கூப்பர் நடத்திய போட்டிகளில் ஜாக் வீவர் என்ற ஷெரிஃப் துணை அதிகாரி இரண்டு கையாலும் பிடித்து, துப்பாக்கியைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, குறிகளைப் பார்த்துச் சுட்டார். இடுப்பிலிருந்து சுட்டவர்கள் அவரைவிடக் கொஞ்சம் முந்தினார்கள். ஆனால் அவர்களுடைய குண்டுகள் இலக்கில் விழவில்லை. கூப்பர் அதைப் பாடத்திட்டமாக்கினார்.

வீவர் நிலையில் உடல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். சுடும் கை முன்னே தள்ளும், முழங்கை மடிந்த துணைக்கை பின்னே இழுக்கும். இந்த இழுபறிதான் அதன் உயிர், அதன் பலவீனமும் அதுவே. தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவில் இருக்கவேண்டும். களைத்த கையில் அது நடக்காது. இரண்டு விசையும் சமன்குலைந்தால் முன்குறி நேராக ஏறி இறங்காமல் சாய்ந்து போகும்.

1980களின் தொடக்கத்தில் பிரையன் ஈனோஸ், ராப் லேத்தம் போன்ற போட்டியாளர்கள் வேறு வழியில் போனார்கள். நெஞ்சு இலக்கை நேரே நோக்க, இரண்டு கைகளும் ஒரே அளவு நீண்டு முக்கோணமாகும். இருபுறமும் ஒத்த அமைப்பு என்பதால் துப்பாக்கி நேராக எழுந்து நேராக இறங்கும். இதையே மேலானதென்று கொள்வதற்குக் காரணம் எளிமை: நினைவில் வைத்து அளவிடவேண்டிய விசை குறைவு. ஆனால் வீவர் நிலையில் முப்பது ஆண்டு பழகி நன்றாகச் சுடுபவரின் கால்களை மாற்றியாக வேண்டிய அவசியம் இல்லை. அவருடைய கைப்பிடியைப் பார்த்தால் போதும். நிற்கும் நிலையைவிடக் கைகள் துப்பாக்கியைத் தொடும் இடம் பல மடங்கு முக்கியம்.

பிடியைக் கட்டுவது

சுடும் கையின் கவை, அதாவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட மடிப்பு, பின்பட்டையில் போகக்கூடிய உச்சிக்குப் போகவேண்டும். குழலின் அச்சுக்கும் கைக்கும் இடையே உயரம் கூடக்கூடத் துப்பாக்கி நெம்புகோலாகி அதிகம் எழும்பும். கவை சிறு மடிப்பாகப் பிதுங்கினால் உயரம் சரி. மேலே ஒரு விரலளவு உலோகம் தெரிந்தால் தாழ்வு. நடுவிரல் டிரிகர் வளையத்தின் அடியில் அழுந்தட்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வரவேண்டும். டிரிகர் எட்டவில்லை என்று கையைச் சுற்றிப் பிடித்தால் உதை கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கும். சில மேகசின்களிலேயே வலி தொடங்கிவிடும்.

இப்போது பிஸ்டலின் துணைக்கைப் பக்கத்தில் கைப்பிடியின் ஒரு பகுதி மூடப்படாமல் இருக்கும். துணைக்கையின் உள்ளங்கைமேடு அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டும். விரல்கள் சுடும் கையின் விரல்கள்மேல், டிரிகர் வளையத்தின் அடியை ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். துணைக்கையின் மணிக்கட்டைச் சுமார் 45 பாகை முன்னோக்கிக் கீழே சாய்த்தால் மூட்டு அதன் எல்லையில் பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் முன்குறி எழும்ப இடம் குறைவு. இரு கட்டைவிரல்களும் இலக்கை நோக்கி நீண்டிருக்கும், ஸ்லைடை அழுத்தாமல். முழங்கைகள் லேசாக மடிந்திருக்க, உடல் எடை முன்பாதத்தில் இருக்கட்டும். தோள்கள் காதை நோக்கி ஏறக்கூடாது.

எவ்வளவு அழுத்துவது? சுடும் கை நாற்பது, துணைக்கை அறுபது விழுக்காடு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அளக்க முடியாத எண் என்பதால் அதைப் பிடித்துத் தொங்கவேண்டாம். காரணத்தைக் கையிலேயே பார்க்கலாம். கடைசி மூன்று விரல்களையும் முழுவலுவோடு மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை வேகமாக அசைத்துப் பாருங்கள், திணறும். இறுக்கத்தைப் பாதியாக்கினால் விரல் விடுதலையாகும். எனவே சுடும் கைக்கு உறுதியான கைகுலுக்கலின் இறுக்கம் போதும், முன்னும் பின்னுமாக. பக்கவாட்டில் நசுக்கும் வேலையைத் துணைக்கை ஏற்கட்டும். நடுக்கம் வரும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு டிரிகர் வேலை இல்லையே.

தவறினால் துப்பாக்கியே சொல்லும். ஐந்து குண்டுக்குள் கைகளைச் சரிசெய்ய நேர்ந்தால் உள்ளங்கைமேடு கைப்பிடியில் பதியவில்லை அல்லது வியர்வை. முன்குறி பக்கவாட்டில் சாய்ந்து எழுந்தால், சாயும் பக்கத்தில் பிடி ஒட்டவில்லை. கடைசிக் குண்டுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காவிட்டால் கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியின்மேல் கிடக்கிறது; நிறுத்தி சற்றுப் பின்தள்ளி அமைந்த சிக் பி226 போன்றவற்றில் இது மிகச் சாதாரணம்.

கையில் மட்டும் இல்லாத பழக்கங்கள்

ரேஞ்சுச் சுவர்களில் தொங்கும் வட்ட விளக்கப்படம் ஒன்று உண்டு. குண்டு கீழே இடப்பக்கம் விழுந்தால் இந்தத் தவறு, மேலே வலப்பக்கம் விழுந்தால் அந்தத் தவறு என்று துண்டு துண்டாகப் பிரித்திருக்கும். அது ஒற்றைக் கையால் வட்ட இலக்கைச் சுடும் வலக்கையருக்காக வரைந்தது. இரண்டு கையால் சுடுபவருக்கு அதை வைத்து மருந்து கொடுத்தால் நோய் ஒன்று, மருந்து ஒன்றாகும். டிரிகரில் விரலின் நுனிச்சதை மட்டுமே படவேண்டும் என்ற விதியும் அந்தக் களத்திலிருந்து வந்ததே. 500 கிராம் டிரிகருக்கு அது சரி. கனத்த டிரிகருள்ள ரிவால்வரில் முதல் மூட்டுவரை விரலை உள்ளே விடுபவர்கள் ஏராளம். முன்குறி அசையாமல் விரல் நேர்பின்னே வருகிறதா என்பதே அளவுகோல்.

முன்குறியைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கட்டும் என்பது இரும்புக் குறிகளுக்கு இன்றும் செல்லும். சிறு கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் சிவப்புப் புள்ளிக் குறியில் அது தலைகீழ்: பார்வை இலக்கில் இருக்கவேண்டும், புள்ளி அதன்மேல் மிதக்கும். புள்ளியை உற்றுப் பார்ப்பவர் வேகத்தை இழக்கிறார். கைப்பிடியின் சாய்வும் இங்கே கணக்கு கேட்கும். 1911க்குப் பழகிய மணிக்கட்டு குளோக்கை நீட்டும்போது குழல்முனை உயர்ந்து நிற்கும், புள்ளி கண்ணாடியிலேயே இராது. துப்பாக்கியை ஆட்டித் தேடாமல் துணைக்கை மணிக்கட்டைக் கீழ்நோக்கிப் பூட்டினால் கிடைத்துவிடும்.

பழைய பயிற்சிப் படங்களில் டிரிகரின்மேல் விரலை வைத்தபடியே துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதைக் காணலாம். இந்த ஒரு பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. குறி இலக்கில் படியும்வரை விரல் வளையத்துக்கு வெளியே, சட்டகத்தை ஒட்டி நேராக.

மாற்றுவதற்குக் குண்டு செலவழிக்க வேண்டாம். வெறும் துப்பாக்கியோடு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில். தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் இரண்டுமுறை பார்த்தாகவேண்டும். குண்டு துளைக்காத சுவரைத்தான் குறிபார்க்கவேண்டும். பிடியைக் கட்டு, உயர்த்து, அழுத்து, பிரி. முழுவதும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவதில்தான் பயன். விளிம்பில் வெடிக்கும் .22 துப்பாக்கிகள் பலவற்றைப் போலித் தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டால் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் அடித்துச் சேதப்படுத்தும். ரேஞ்சில், பத்தில் மூன்று போலித் தோட்டாக்களைக் கலந்து வேறொருவர் மேகசினை நிரப்பட்டும். போலி வரும் முறை வெறும் சொடுக்குச் சத்தம்தான் கேட்கும். அந்தக் கணத்தில் குழல்முனை தலைகுனிந்தால், இதுவரை உதை என்று நினைத்ததில் எவ்வளவு கைவேலை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிஸ்டலுக்கு நன்றாகப் பழகிய கட்டைவிரல்கள் ரிவால்வருக்குத் திரும்பும்போது கேடு எதிர்த்திசையிலிருந்து வரும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவான இடுக்கு இருக்கிறது. அதன்வழியே கொதிக்கும் வாயுவும் ஈயத் துகள்களும் பக்கவாட்டில் பீறிடும். முன்னே நீண்ட கட்டைவிரல் அங்கே போனால் தீய்ந்துவிடும். பெரிய மேக்னம் ரிவால்வர்களில் சதையே கிழியும். அங்கே கட்டைவிரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழ்நோக்கி மடங்கியிருக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டையும் சுடுபவர், ரிவால்வரைக் கையிலெடுத்ததும் காலி சிலிண்டரோடு இருபது முறை பிடியைக் கட்டிப் பிரித்து, கட்டைவிரல் தானே மடங்குவதைப் பார்த்த பிறகு தோட்டாப் பெட்டியைத் திறக்கட்டும்.